நிலையான கழிவா, இனவாரிக் கழிவா?

அமெரிக்கக் கூட்டாட்சி வருமான வரிக்கான 1040 படிவத்தை நிரப்புபவர், வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகையாக, ரசீது எதுவும் கேட்காத நிலையான கழிவையோ, வீட்டுக் கடன் வட்டி, மாநில மற்றும் உள்ளூர் வரிகள், நன்கொடை முதலியவற்றை ‘ஷெட்யூல் ஏ’ என்ற இணைப்புப் படிவத்தில் ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டும் இனவாரிக் கழிவையோ தேர்ந்தெடுக்க வேண்டும்.

கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதியரின் நிலையான கழிவு 2017-இல் 12,700 டாலராக இருந்து 2018-இல் 24,000 ஆனது. அதே ஆண்டில் மாநில, உள்ளூர் வரிக் கழிவுக்கு 10,000 டாலர் உச்சவரம்பும் வந்ததால், பலர் ரசீதுகளைச் சேர்த்து வைப்பதையே விட்டுவிட்டனர். 2025 வரியாண்டில் நிலையான கழிவு 31,500 டாலர். உச்சவரம்போ 40,000 டாலர், வருமானம் 5 லட்சம் டாலரைத் தாண்டினால் அது குறையத் தொடங்கும்.

நியூஜெர்சியில் சொந்த வீட்டில் வாழும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம்: சொத்து வரி 11,000, மாநில வருமான வரி 9,000, வட்டி 14,000, நன்கொடை 2,000 டாலர். பழைய வரம்பில் இவை 26,000-க்கு மேல் செல்லாது. இப்போது 36,000-மும் செல்லும், அது 31,500 டாலர் நிலையான கழிவைவிட அதிகம். ஆகவே வீட்டுக் கடன் உள்ளவர்கள், போன ஆண்டு போட்டதையே இந்த ஆண்டும் போட்டுவிடாமல், ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று வலியுறுத்துவேன். வாடகைக்கு இருப்பவருக்குப் பெரும்பாலும் நிலையான கழிவே லாபம்.

தம்பதியர் தனித்தனியே தாக்கல் செய்து, ஒருவர் இனவாரிக் கழிவை எடுத்தால், மற்றவருக்கு நிலையான கழிவு கிடையாது. வரிச்சட்டப்படி குடியிருப்பாளர் அல்லாதோருக்கும் பொதுவாக அது கிடையாது. ஆனால் இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது.