நந்தியாவட்டைக் கன்று: நர்சரியில் எதை எடுப்பது, எதை விடுவது

பூஜைக்காக நந்தியாவட்டை வாங்கப் போகிறவர்கள் ஒற்றை இதழ் நாட்டு ரகத்தையே எடுங்கள். நர்சரிகளில் கண்ணில் படும்படி வைத்திருப்பது பெரும்பாலும் அடுக்கு ரகம். பூ பெரியது, இரவில் மணம் வீசும், பார்த்ததும் பிடித்துவிடும். ஆனால் தினமும் காலையில் ஒரு தட்டு நிறையப் பூ வேண்டுமென்றால் ஒற்றைக்கு ஈடில்லை. வெயில் படும் இடத்தில் வேர் பிடித்துவிட்டால் ஆண்டில் பெரும்பகுதியும் பூத்துக்கொண்டே இருக்கும். விலையும் குறைவு.

சிவ வழிபாட்டில் இந்தப் பூவுக்குத் தனி இடம் உண்டு. புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டை, நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என்று அட்டபுட்பங்களில் வைத்து எண்ணப்படுவது இது. வெண்மை சத்துவ குணத்தைக் குறிக்கும் என்பார்கள். ஐந்து இதழ்களை ஐந்தெழுத்தோடு சேர்த்து நினைத்துச் சாத்தும் அடியார்களும் உண்டு. அந்த ஐந்தைக் கண்ணால் எண்ணிப் பார்க்க முடிவது ஒற்றைப் பூவில்தான். காற்றாடி போல ஒரே பக்கமாகத் திருகி நிற்கும் இதழ்களும், அடியில் மெல்லிய குழாயும் தெளிவாகத் தெரியும். அடுக்கில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு இந்த அமைப்பே மறைந்துவிடுகிறது.

அடுக்கு ரகத்தைக் குறை சொல்லவில்லை. மாலைக்கும், அந்தி நேர மணத்துக்கும் அதுதான் நல்லது. மொட்டாகப் பறித்துச் சரம் கட்டவும் நந்தியாவட்டை உதவும். சேலம் பூ மார்க்கெட்டின் தினசரி விலைப் பட்டியலிலேயே இதற்குத் தனி வரி இருக்கிறது.

கன்று எடுக்கும்போது உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். தண்டின் அடியைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். மண்ணோடு சேராமல் தனியே ஆடினால், அது வேர் முழுதாகப் பிடிக்காத பதியன் குச்சி. பையின் அடியில் வேர் வெளியே வந்து சுற்றிக்கொண்டிருந்தால் பையிலேயே அதிக காலம் இருந்த செடி. நடும்போது சுற்று வேரைப் பிரித்துவிட வேண்டும். இலையின் பின்புறத்தையும் கணுக்களையும் புரட்டிப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. அந்தக் கன்று வீட்டிலுள்ள மற்ற செடிகளையும் கெடுக்கும்.

மாடியில் வளர்க்க 12 அங்குலத் தொட்டி போதும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. நேரடி வெயில் நாலைந்து மணி நேரமாவது வேண்டும். நிழலில் செடி சாகாது. இலை மட்டும் பளபளவென்று வளரும், பூ வராது. தழைச்சத்து அதிகமானாலும் இதே கதிதான். பூங்கொத்து வருவது புதுக் கிளைகள் இரண்டாகப் பிரியும் கவட்டில். அதனால் ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் நுனிகளை லேசாக வெட்டிவிட்டால் கிளை பெருகும், பூவும் பெருகும்.

அதிகம் வரும் புகார் இலை மஞ்சளாவது. நரம்பு பச்சையாகவே இருந்து இடைப்பகுதி மட்டும், அதுவும் இளம் இலைகளில் முதலில் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறை. போர் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பு மண்ணும் இரும்பை வேர் எடுக்கவிடாமல் தடுப்பதால் வருவது. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். பத்து நாள் விட்டு இன்னொரு முறை. அடி இலைகள் மொத்தமாக மஞ்சளாகி உதிர்ந்தால் அது வேறு விஷயம், தண்ணீர் தேங்குகிறது.

ஒரே இரவில் கிளை மொட்டையானால் அரளியைத் தின்னும் அதே பருத்த பச்சைப் புழுதான். தலைப்பக்கம் நீலக் கண் போன்ற இரண்டு புள்ளிகள் இருக்கும். தொட்டியடியில் கறுப்பு உருண்டைகளாக எச்சம் கிடந்தால் மேலே தேடிக் கையால் எடுத்துவிடுங்கள், மருந்து தேவையில்லை. மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து அடித்தால் கட்டுப்படும்.

குட்டை ரகமும், இலையில் வெள்ளைக் கரை போட்ட ரகமும் வேலி ஓரத்துக்கும் நடைபாதைக்கும் சரி. பூ சிறியது. பூஜைக்கென்று வாங்கினால் ஏமாற்றம்தான்.

ஒரு எச்சரிக்கை. கண் எரிச்சலுக்கு இந்தப் பூவை இமைமேல் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. காம்பைக் கிள்ளினால் வடியும் பால் நச்சுத்தன்மை உள்ளது, கண்ணுக்குள் போகக்கூடாது. கண்ணில் தொந்தரவு என்றால் மருத்துவரிடம் போங்கள். கவாத்து செய்யும்போது கையுறை போடுங்கள், பால் பட்ட கையைக் கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், வெடித்துச் சிவந்த சதையைக் காட்டும் காய்களை உடனுக்குடன் பறித்து அப்புறப்படுத்துங்கள்.