மிரிஸ்ஸ திமிங்கிலப் பயணம்: போகலாம், படகைப் பார்த்து ஏறுங்கள்

இலங்கையின் தெற்குக் கரையில் இருக்கிற மிரிஸ்ஸயில் சீசன் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான். அதற்கப்புறம் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், அப்போது போகிறவர்கள் திருகோணமலையைப் பார்த்துக்கொள்ளலாம். விடிந்ததும் துறைமுகத்திலிருந்து இரண்டு தட்டுப் படகில் கிளம்பினோம். லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள், காலைச் சாப்பாடு சுமார். மேல்தட்டுக்குத்தான் எல்லாரும் அடித்துப் பிடித்து ஏறுவார்கள், ஆட்டமும் அங்கேதான் அதிகம். குமட்டல் வரும் உடம்பென்றால் கீழ்த்தட்டில் பின்பக்கமாக உட்காருங்கள், மாத்திரையைக் கரையிலேயே போட்டுவிடுங்கள், தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை.

முதலில் ஸ்பின்னர் டால்பின்கள் கூட்டமாக வந்தன. குழந்தைகளுக்கு இதுவே போதும், கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்துவிட்டது. இலங்கையின் தென்கோடியான தெவுந்தர முனைப் பக்கம் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடற்பகுதி, ரொம்பக் குறுகல், கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே ஆழ்கடல் வந்துவிடும், நீலத் திமிங்கிலம் இவ்வளவு கிட்டத்தில் கிடைப்பது அதனால்தான். 'தல்மசா!' என்று படகுக்காரர் கத்தினார், சிங்களத்தில் திமிங்கிலம். தூரத்தில் வெள்ளையாக ஒரு நீர்ப்புகை நெட்டுக்குத்தாக எழுந்தது, அப்புறம் திட்டுத்திட்டான நீலச்சாம்பல் முதுகு போய்க்கொண்டே இருந்தது, முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில்தான் அந்தச் சின்னஞ்சிறு முதுகுத் துடுப்பு வந்தது, இவ்வளவு பெரிய உடம்புக்கு இதுவா என்று சிரிப்பே வந்துவிட்டது. கடைசியாக வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனது. இனி பத்து நிமிஷமாவது காத்திருக்க வேண்டும்.

பிரச்சினை அந்தப் பத்து நிமிஷத்தில்தான். 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் அடுத்த முறை அது தலை தூக்கியதும் நாலு பக்கமும் இருந்த படகுகள் எஞ்சினை முறுக்கிக்கொண்டு பாய்ந்தன, எங்கள் படகும் சேர்த்துத்தான். டீசல் புகை மூக்கில் ஏறியது, திமிங்கிலம் மூச்சைக்கூட முழுசாக விடாமல் முங்கிவிட்டது. பெரிய சரக்குக் கப்பல்கள் போகிற தடமும் இங்கேதான். அவை மோதித் திமிங்கிலங்கள் சாகின்றன என்பதால் எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் 2022-இல் தன் கப்பல்களை இன்னும் தெற்கே திருப்பிவிட்டது. அவர்களே ஒதுங்கிப் போகும்போது டிக்கெட் வாங்கிப் பார்க்கப் போகிற நாம் துரத்துவது கொஞ்சமும் சரியில்லை.

ஆகவே 'ரொம்பக் கிட்டக் காட்டுவோம்' என்று பெருமையடிக்கிற ஆளிடம் புக் செய்யாதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பீர்களா என்று கேளுங்கள், மழுப்பினால் அடுத்த ஆளைப் பாருங்கள். திமிங்கிலம் தென்படாவிட்டால் மறுநாள் இலவசம் என்று சொன்னால் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.