யானைக் குண்டு என்று விற்ற துத்தநாகக் கட்டிகள்: 46,000 ரூபாய் போயிற்று, நீங்களாவது ஏமாறாதீர்கள்

செட்டிநாட்டுப் பழம்பொருள் கடைகளில் “பர்மாக் காலத்து வேட்டைச் சாமான்” என்று எதையாவது எடுத்துக் காட்டினால், பணத்தை எண்ணும் முன் இந்தப் பதிவைப் படித்துவிடுங்கள். சென்ற வாரம் அப்படி ஒரு கடையில் 46,000 ரூபாய் கொடுத்தேன். கைக்கு வந்தவை செம்பு முலாம் பூசிய பன்னிரண்டு துத்தநாகக் கட்டிகளும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சில பித்தளைச் சாமான்களும்தான். இத்தகைய பொருட்களைச் சோதிப்பது எப்படி என்பதையும் முடிவில் எழுதுகிறேன்.

எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் (அப்பாவின்) தகப்பனார், பர்மாவிலுள்ள மோல்மேனுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர். அங்கே அவரிடம் பெரிய மிருகங்களைச் சுடும் இரட்டைக்குழல் ரைஃபிள் ஒன்று இருந்தது என்பது வீட்டில் எல்லோரும் அறிந்த செய்தி. அந்த ரைஃபிள் இப்போது இல்லை. ஊர் வீட்டைப் பழுதுபார்த்து வருவதால், முகப்பில் ஐயாவின் படத்துக்குக் கீழே அக்காலத்து வேட்டைப் பெட்டி ஒன்றை வைக்க விரும்பித் தேடினேன். கடைக்காரர் விவரத்தைக் கேட்டுக்கொண்டார். “மோல்மேனா அண்ணே? அப்படின்னா இதை வேற யாருக்கும் காட்ட மாட்டேன்” என்று சொல்லி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளிருந்து ஒரு மரப்பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். உள்ளே பச்சைக் கம்பளித் துணி ஒட்டியிருந்தது. குறடு போன்ற குண்டு அச்சு ஒன்று, மருந்து அளக்கும் குவளை ஒன்று, தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை அழுத்தும் கருவி ஒன்று. அவற்றின் அருகே குழிகளில் நிமிர்ந்து நின்ற பன்னிரண்டு குண்டுகள். மூடியில் பதித்திருந்த பித்தளைத் தகட்டில் “.577 நைட்ரோ எக்ஸ்பிரஸ்” என்றும் 1892 என்றும் ஆங்கிலத்தில் வெட்டியிருந்தார்கள். ஒரு குண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டு, “கனத்தைப் பாருங்கண்ணே, யானை மண்டையத் துளைக்கிற குண்டு” என்றார்.

எந்த வீட்டுச் சாமான் என்று கேட்டதற்கு, “ஒரு ஆச்சி கஷ்டத்துல கொடுத்தாங்க, பேர் சொல்ல வேண்டாம்னுட்டாங்க” என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். நொடித்துப்போன வீட்டின் பெயரைத் துருவிக் கேட்பது நம் பக்கத்தில் மரியாதை அல்ல. அந்த மரியாதையைத்தான் அவர் முதலாக வைத்து வியாபாரம் செய்கிறார். அறுபதில் தொடங்கிய விலை 46,000 ரூபாயில் நின்றது.

தேவகோட்டையில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். ராணுவத்தில் ஆயுதப் பட்டறையில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். பெட்டியைப் பார்த்ததும் முதலில் தகட்டைத்தான் காட்டினார். நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்னும், கார்டைட் (புகை குறைந்த வெடிமருந்து) அடைத்த தோட்டாக்களில் முதலாவதான .450, ரிக்பி நிறுவனத்தால் 1898இல்தான் வெளிவந்தது. 1892இல் அந்தப் பெயரைத் தகட்டில் வெட்ட எவராலும் முடிந்திருக்காது. பிறகு பழக்கமான நகைக்கடைத் தராசில் ஒரு குண்டை வைத்தோம். .577 நைட்ரோவுக்கு உரிய குண்டு 750 கிரெய்ன், ஏறக்குறைய 48.6 கிராம் இருக்க வேண்டும். தராசு 32 கிராமைக்கூடத் தொடவில்லை. ஈயம் இருக்க வேண்டிய இடத்தில் துத்தநாகம் இருந்தால் எடை அப்படித்தான் குறையும். லேத்துப் பட்டறையில் வெர்னியர் வைத்து அளந்தபோது 14.65 மில்லிமீட்டர் காட்டியது. .577 அங்குலத்தை மில்லிமீட்டருக்கு மாற்றினால் வரும் அளவு அதுதான். ஆனால் அந்தத் தோட்டாவின் உண்மையான குண்டு .585 அங்குலம், அதாவது சுமார் 14.9 மில்லிமீட்டர். போலியைக் கடைந்தவர் பெயரிலுள்ள எண்ணையே அளவென்று நம்பிக் கடைந்திருக்கிறார்!

அச்சு இருந்ததே, அதுதான் மிகப் பெரிய பொய். கார்டைட்டுக்கு முந்தைய கரிமருந்துக் காலத்து வேட்டைக்காரர்கள் ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்துத் தோட்டாவைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். புலிக்கு மென்மையான ஈயம், யானைக்கும் காட்டெருமைக்கும் வெள்ளீயம் கலந்து கடினமாக்கிய ஈயம் என்று பார்த்துத் தேர்ந்தார்கள். கார்டைட் வந்தபின் குண்டு நொடிக்கு 2,000 அடிக்கு மேல் பாய்ந்தது. அந்த வேகத்தில் வெறும் ஈயம் குழலின் வரிகளில் அப்பிக்கொள்ளும், எலும்பில் பட்டால் நசுங்கிப் பரவும். ஆகவே யானைக்கு ஈயத்தின் மேல் முழுவதும் உலோக உறையிட்ட ‘சாலிட்’, புலிக்கு நுனியில் ஈயம் தெரியும் ‘சாஃப்ட் நோஸ்’ என்று ஆலையில் செய்த தோட்டாக்களையே பெரும்பாலும் வாங்கினார்கள். மேலும், இரட்டைக்குழல் ரைஃபிளின் இரு குழல்களும் ஓர் இடத்தில் சுடும்படி, ஒரே எடைக் குண்டுக்கும் ஒரே அளவு மருந்துக்கும் பொருத்தித்தான் இணைக்கப்படுகின்றன. எடை மாறினால் இரண்டும் வெவ்வேறு இடத்தில் படும். தன்னை நோக்கி ஓடிவரும் யானையின் முன் அந்த விளையாட்டை யாரும் விளையாட மாட்டார்கள். கரிமருந்துக் கால அச்சும் கார்டைட் கால உறைக் குண்டும் ஒரே பெட்டியில் ஒரே ரைஃபிளுக்காக இருந்தால், அது கடையில் கூட்டிச் சேர்த்த பெட்டி.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போனேன். “முதலாளி மதுரைக்குப் போயிருக்காரு” என்றான் பையன். அடுத்து, “பழைய சாமானுக்கு ரிட்டன் கிடையாதுண்ணே” என்றார் கடைக்காரர். பில்லைக் காட்டினால், அதில் “பழைய பித்தளைச் சாமான் பெட்டி 1” என்றுதான் எழுதியிருக்கிறது. குண்டு என்ற சொல்லே இல்லை. கடைசியில் சொன்னதுதான் நெஞ்சை எரிக்கிறது: “போலீசுக்குப் போனா குண்டு வாங்குன உங்க மேலதாண்ணே கேஸ் வரும்.” வாங்கும்போது, மருந்தில்லாத குண்டுக்கு லைசென்ஸ் எதற்கு என்று சிரித்த அதே வாய்! 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் தோட்டாவாகவே கணக்கில் கொள்கிறது என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. போலியை விற்றுவிட்டு, அசலுக்கான சட்டத்தைக் காட்டி மிரட்டுகிறார். 46,000 ரூபாயைக் கேட்டால் இப்போது தொலைபேசியையும் எடுப்பதில்லை.

சோதனைகளை விரிவாக எழுத நினைத்தேன்; இருக்கும் ஆத்திரத்தில் முடியவில்லை. எடை போடாமல் வாங்காதீர்கள். பில்லில் பொருளின் பெயரையும் காலத்தையும் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் உண்மையான பழைய தோட்டா கிடைத்தால், விற்கவோ ஆட்டிப் பார்க்கவோ வேண்டாம். காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள்.

சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பச்சைத் துணி ஒட்டிய இதே மாதிரிப் பெட்டியை வேறு யாராவது வாங்கியிருந்தால், மூடித் தகட்டின் படத்தையும் பில்லின் படத்தையும் அனுப்புங்கள். மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.