.22 ரைஃபிள் குழலில் கரி: ஊறவைப்பதா, தேய்ப்பதா?

10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறவர்களுக்குக் குழலில் கரி என்ற பேச்சே கிடையாது. காற்றழுத்தத்தில் ஈயக் குண்டு போகிறது, வெடிமருந்தே இல்லை. 50 மீட்டருக்கு மாறி .22 லாங் ரைஃபிள் தோட்டாவைக் கையில் எடுத்ததும் கதை வேறு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற மூன்று நிலைப் போட்டியில் சுடுவது இதைத்தான்.

போட்டித் தோட்டாவில் செம்பு உறை இல்லாத, மெழுகோ கொழுப்போ பூசிய ஈயக் குண்டு. அதனால் பெரிய அளவுத் தோட்டா சுடும் ரைஃபிள்காரர்கள் மல்லுக்கட்டும் செம்புப் படிவு இங்கே இல்லை. ஆனால் எரிந்த மருந்தின் கரி, மெழுகு, ஈயத்துகள், பற்றவைக்கும் கலவையில் வரும் கண்ணாடித்தூள் எல்லாம் சேர்ந்து, தோட்டாக்கூட்டின் வாய் முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் கறுப்பு வளையமாக இறுகிவிடும். மீதிக் குழலில் படிந்த புகைக்கரி எதைப் போட்டாலும் வந்துவிடும். சுத்தம் செய்யும் ஒவ்வொரு வழியும் தேறுமா தேறாதா என்பதை இந்த வளையத்தில்தான் பார்க்க வேண்டும்.

இழுகயிறு: குழலுக்குள் விட்டு இழுத்துத் துடைக்கும் கயிறு. சுருட்டிப் பையில் வைக்கலாம், ஒரே இழுப்பில் வேலை முடியும். பயிற்சி முடிந்த கையோடு செய்ய வசதி. வளையத்தை அது தொடுவதுகூட இல்லை. அடிக்கடி துவைக்காவிட்டால் போன வாரத்து அழுக்கையே திரும்பக் குழலில் பூசும்.

நுரை: குழலுக்குள் அடித்து விட்டுவிட்டு டீ குடித்து வரலாம். பெரும்பாலும் செம்பை மனதில் வைத்துச் செய்தவை என்பதால் .22-க்கு அதிகம் ஆதாயமில்லை. டிரிக்கர் பக்கம் ஒழுகினால் அது தனி வேலை.

திரவம்: உண்மையான போட்டி இங்கேதான். ஹாப்பிஸ் நம்பர் 9 1903-லிருந்து சந்தையில் இருக்கிறது. மெழுகையும் புதுக்கரியையும் நன்றாக இளக்கும், பழைய வளையத்திடம் திணறும். போர்டெக் சி4 போலக் கரிக்கென்றே செய்தவை அந்த இடத்தில் மேல். ஆனால் இரண்டுக்குமே நேரம் கொடுக்க வேண்டும். நனைத்த துணியை ஓட்டி, அடுத்த நிமிடமே துடைத்துவிட்டு ‘மருந்து சரியில்லை’ என்பவர்கள் நிறைய. வளையம் இருக்கும் இடம் நனைந்தபடியே கால்மணி நேரமாவது இருக்கட்டும், பிறகு பிரஷ் போடுங்கள்.

அந்தப் பிரஷ் வெண்கலமா நைலானா? வெண்கலம் என் தேர்வு. குழலின் எஃகைவிட அது மென்மையானது. பயப்பட வேண்டியது ராடு (பிரஷை மாட்டும் கம்பி) குழலில் உரசுவதற்கும், வாய்முனையில் பிரஷைப் பின்னுக்கு இழுப்பதற்கும்தான். போர் கைடு (ராடு குழலின் நடுவில் போக வழிகாட்டும் குழாய்) போட்டு, பூச்சுள்ள ராடில், தோட்டா உட்காரும் சேம்பர் பக்கமிருந்து நுழைத்து, வளையத்தின் மேல் குட்டைக் குட்டையாக, பிரஷைச் சுழற்றியபடி தேய்த்தால் போதும். முழு நீளத்துக்கும் நூறு தடவை ஓட்டுவது கை வலிக்கத்தான்.

உராய்வுப் பசை: ஜேபி, ஐயோஸோ போன்றவை. திரவத்துக்கு மசியாத பழைய வளையத்தை எடுப்பவை இவைதான். ஃபெல்ட் எனும் அழுத்திய கம்பளித் துண்டில் துளி தடவி, அந்த ஓர் அங்குலத்தில் மட்டும் போட்டு, பிறகு ஒரு பொட்டுகூட மிச்சமில்லாமல் துடைக்க வேண்டும். மாதாமாதம் செய்கிற வேலையல்ல இது. வீட்டுக் கறை நீக்கும் அமிலத்தை ஊற்றுகிறவர்களும் உண்டு. துரு பிடிக்காமல் காக்கும் குழலின் நீலப்பூச்சு போய்விடும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வளையம் போய்விட்டதா என்பதில்தான் ஏமாறுவோம். துணி முதலில் கறுப்பாக வரும், அப்புறம் சாம்பல், அப்புறம் வெள்ளை. வெள்ளையாக வந்தால் முடிந்தது என்று அர்த்தமில்லை. இறுகிய கரிமேல் துணி வழுக்கிக்கொண்டு போயிருக்கலாம். போனில் மாட்டும் போர்ஸ்கோப் கேமராவை விட்டுப் பாருங்கள், கண்ணாடிபோல மினுக்கும் கறுப்புப் பட்டை தெரிந்தால் இன்னும் இருக்கிறது. கேமரா இல்லையென்றால், தோட்டா உள்ளே போகும்போது வழக்கத்தைவிட இறுக்கமாக இருக்கிறதா, காரணமில்லாமல் ஒன்றிரண்டு குண்டு விலகிப் போகிறதா என்று கவனியுங்கள்.

முழுதாகச் சுத்தம் செய்த குழல் உடனே நன்றாகச் சுடாது. மெழுகு மறுபடி பரவ பத்து இருபது தோட்டா ஆகும். ஆகவே போட்டிக்கு முந்தைய இரவு பசையும் பிரஷுமாக உட்காராதீர்கள், இழுகயிறோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.