மாங்காய் பறிக்கும் அலுமினியக் கோல்: ஒரு மதிப்பீடு

சேலத்து வீட்டுத் தோட்டங்களில் வைகாசியும் ஆனியும் மாமரத்துக்கே உரிய மாதங்கள். குண்டும் மல்கோவாவும் பறிப்புக்கு வந்துவிட, கிளிமூக்கும் நீலமும் பின்னால் காத்திருக்க, மாலை இடிமழை எந்த நாளில் கொட்டித் தீர்க்குமோ என்ற கவலையோடுதான் காய்களை இறக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மரங்களுக்காக மரமேறும் ஆள் வருவதில்லை; வந்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. அதனால் இந்தப் பருவத்துக்குச் செவ்வாய்ப்பேட்டைக் கடை ஒன்றில், மூன்று பகுதிகளாக நீளும் அலுமினியப் பறிப்புக் கோல் ஒன்றை வாங்கினோம். தலைப்பில் வளையமும் வலைப்பையும், விளிம்பில் கத்தியும், அதை அடியிலிருந்து இழுக்க ஒரு கயிறும் உள்ளன.

இதன் உண்மையான பயன் காம்பில்தான் தெரிகிறது. தொரட்டியால் இழுத்தால் காம்பு அடியோடு பிடுங்கிக்கொண்டு வரும். அங்கிருந்து பீறிடும் சொனை தோலில் வழிந்து கருந்தழும்பாகி, பழுக்கும்போது அழுகலுக்கும் வழிவிடும். இந்தக் கத்தியோ, கை சற்றுப் பழகிவிட்டால், இரண்டு மூன்று அங்குலக் காம்போடு காயை வெட்டித் தருகிறது. பிறகு நிழலில் வைத்துக் காம்பை ஒட்ட நறுக்கி, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி கம்பிவலை மீது கவிழ்த்து வைத்தால், சொனை தோலில் படாமல் வடிந்துவிடுகிறது. அதிகாலையில் காயில் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் சொனை வேகமாக வரும். வெயில் சற்று ஏறிய பின் பறிப்பதே நல்லது. தரையில் விழுந்து கன்றிப்போகும் காய்களும் வெகுவாகக் குறைந்துவிட்டன.

உச்சிக் கிளைகளை முழுதும் காலி செய்ய முடிவது இன்னொரு நன்மை. அங்கே விட்டுவைக்கும் பழங்களில்தான் பழ ஈ முட்டையிடுகிறது. பழம் உதிர்ந்ததும் புழுக்கள் மண்ணுக்குள் சென்று கூட்டுப்புழுவாகின்றன. உதிர்ந்தவற்றை அன்றன்றே பொறுக்கி ஆழக் குழியில் மூடும் வேலையை எந்தக் கோலும் செய்து தராது என்பது வேறு விஷயம்.

குறைகளும் உண்டு. வலைப்பை ஆழமற்றது; இரண்டு குண்டுக் காய்கள் சேர்ந்தாலே முதற்காய் வெளியே எட்டிப் பார்க்கிறது. முழு நீளத்துக்கு இழுத்தால் கோல் வளைந்து, குறி பார்க்கும் தோள் வலிக்கிறது. அந்த உயரத்துக்குப் பழைய மூங்கில் தொரட்டியே மேல் என்பேன். இவற்றைவிடப் பெரிய குறை, அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் என்ற எச்சரிக்கை உறையில் ஒரு வரிகூட இல்லாதது. தெருவோர மரத்தின் கிளைகள் மின்கம்பியை ஒட்டியிருந்தால் இந்தக் கோலைத் தொடவே கூடாது. மழையில் நனைந்த மூங்கிலையும் நம்ப முடியாது.

பறிப்பு முடிந்ததும் காய்ந்த குச்சிகளையும் பழைய பூங்கொத்துத் தண்டுகளையும் இதே கத்தியால் கழிக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். விரல் பருமன் குச்சிக்கே கத்தி திணறுகிறது. கவாத்துக்குத் தனியாகக் கைரம்பம் வேண்டும். ஏற்காட்டில் உள்ள உறவினர் ஒருவர் இதே கோலால் பட்டர் ஃப்ரூட் பறிக்கிறார். அதற்கும் காம்போடு வெட்டுவதே முறை என்பதால் அங்கே இது இன்னும் பொருத்தமாகத் தெரிகிறது.

பதினைந்து அடிக்குள் காய்க்கும் ஒட்டுமரங்கள் இரண்டு மூன்று வைத்திருப்போர் தயங்காமல் வாங்கலாம். வானுயர்ந்த நாட்டு மரம் வைத்திருப்போருக்கு இது வீண் செலவு. மாற்றுக் கத்தி அதே கடையில் கிடைக்கிறது. கூடவே வரும் பருத்திக் கயிறு எளிதில் நைந்துவிடுவதால், முதல் நாளே அதை நைலான் கயிறாக மாற்றிக்கொள்வது நல்லது.