கார்ட்டென் தகடு: குமரிக் கடலோரத்துக்கு எந்த ஃபினிஷ்?

பெயிண்டே வேண்டாம், துருவே காப்பு என்று சொல்லி விற்கப்படும் கார்ட்டென் எஃகுத் தகடு மூன்று விதமாகக் கிடைக்கிறது: ஆலையில் சூடாக உருட்டும்போது படியும் கருந்தோலோடு, ஷாட் பிளாஸ்ட் அடித்து (பொடிக் குண்டுகளையோ துகள்களையோ வேகமாக வீசி அந்தத் தோலைச் சுரண்டி), முன்கூட்டியே துருவேற்றி. குலசேகரம், திருவட்டார் பக்கம் வீடு என்றால் பிளாஸ்ட் அடித்ததைத் தாராளமாக வாங்கலாம். குளச்சலிலோ முட்டத்திலோ கடலைப் பார்த்து நிற்கும் வீட்டுக்கு மூன்றுமே பெயிண்ட் இல்லாமல் வெறுமனே தாங்காது.

இந்த எஃகில் 0.25 முதல் 0.55 சதவீதம் வரை செம்பும், கூடவே குரோமியமும் உண்டு. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால்தான் இவை சேர்ந்து நெருக்கமான துருப்படலத்தைக் கட்டும். கச்சான் காற்று கொண்டுவரும் உப்பு அதைக் கெடுக்கிறது. உப்புப் படிந்த தகடு மழையில்லாத நாளிலும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். துரு இறுகாமல் அடுக்கடுக்காகப் பெயரும். பிரிட்டனின் பால வழிகாட்டிகள் கடலிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இதைத் தவிர்க்கச் சொல்கின்றன. ஜப்பானில் பெயிண்ட் இல்லாமல் பயன்படுத்த, நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 5 மில்லிகிராம் உப்பு படிவதுதான் எல்லை.

கருந்தோல் தகடு விலை குறைவு, ஆனால் நம் பரிந்துரை இல்லை. அந்த நீலக்கறுப்புத் தோல் ஒரே நாளில் உதிராது. வெடித்த இடத்தில் மட்டும் துரு பிடித்து, முகப்பு தேமல் விழுந்த மாதிரி ஆகும். வெடிப்புக்குள் போன உப்பை மழையும் கழுவாது.

பிளாஸ்ட் அடித்ததுதான் மூன்றில் சிறந்தது. சுத்தம் எஸ்ஏ 2½ (கருந்தோலும் துருவும் ஏறக்குறைய முழுதும் போன நிலை) அளவுக்கு இருந்தால் நிறம் சீராக ஏறும். ஆனால் சொரசொரப்பு கூடினால் பள்ளங்களில் உப்பும் ஈரமும் தங்கும். வெறுமனே விடப்போகும் தகட்டுக்குப் பொடி கிரிட்டே (வீசி அடிக்கும் நுண்துகள்) போதும். பக்கத்தில் சும்மா கிடைக்கிறதே என்று கடற்கரை மணலால் அடிக்கும் பட்டறையை ஒதுக்கிவிடுங்கள்: மணலின் உப்பு தகட்டில் ஏறும், சிலிக்கா தூசி அடிப்பவர் நுரையீரலைத் தின்னும். கழுவிய கார்னெட் கேளுங்கள். நம் மணவாளக்குறிச்சி மணலிலேயே இருக்கும் கனிமம்தான் அது.

துருவேற்றியதை வாங்குமுன் எதைத் தெளித்தார்கள் என்று கேட்க வேண்டும். வினிகர், பெராக்சைடு, உப்பு என்ற கலவை இரண்டே நாளில் அழகான செம்மண் நிறம் தரும். கடற்காற்று தாமதமாகச் செய்யும் கெடுதலை அந்த உப்பு முதல் நாளே செய்துவிடும். நல்ல தண்ணீரை மட்டும் தெளித்துக் காயவிட்டு, திரும்பத் திரும்பச் செய்ததே சரி. கடலோர போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பு, அது ஆகாது.

படலம் கட்டியதா என்று பார்க்க, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி உரியுங்கள். மாவு போல ஒட்டினால் நல்லது. விரலகலச் செதில் வந்தால் உள்ளே அரிப்பு ஓடுகிறது. மழை படும் முகத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. கேட்டின் கீழ் மடிப்பிலும் சன்ஷேடின் அடிப்பக்கத்திலும் கை வையுங்கள். ஆனி, ஐப்பசி இரண்டு மழையும் முன்பக்கத்தைக் கழுவிவிடும். மழை எட்டாத அடிப்பக்கத்தில்தான் உப்பு சேர்ந்து, கத்தி நுனி பட்டாலே பாளமாகக் கழன்று வரும்.

கடலோரத்தில் இதே எஃகுதான் வேண்டும் என்றால் பெயிண்ட் அடியுங்கள். பிளாஸ்ட் அடித்து, நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் ஜிங்க் எபாக்சி பிரைமர், எபாக்சி நடுக்கோட்டு, பாலியூரித்தேன் மேல்கோட்டு என மொத்தம் 260 மைக்ரான். இங்கே 50 முதல் 75 மைக்ரான் சொரசொரப்பு வேண்டும், பெயிண்டுக்கு அதுதான் பிடிப்பு. ஆனால் அப்படி மூடப்போகிறோம் என்றால் சாதா எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) தகடே போதும், கார்ட்டெனுக்குக் கூடுதல் காசு வீண்.

கடலை விட்டுத் தள்ளிய ஊர்களின் வேலைக்கு 3 மில்லிமீட்டரில் 8க்கு 4 அடித் தகடு ஏறக்குறைய 70 கிலோ வரும், கீல்களை அதற்கேற்பப் போடுங்கள். ஜிஐ (துத்தநாகம் பூசிய) போல்ட் வேண்டாம், அந்தத் துத்தநாகம் சீக்கிரம் கரைந்துவிடும், ஸ்டெயின்லெஸ் போடுங்கள். அடியில் தண்ணீர் தேங்காதபடி சரிவும் வடிதுளையும் வையுங்கள். முதல் இரண்டு மழைக்காலம் துருநீர் வடியும், கீழே வெள்ளை டைல்ஸ் போட்டிருந்தால் கறை போகாது.