டிராகுலா (1958) ப்ளூ-ரே: கிறிஸ்டோபர் லீயை முழுசாகப் பார்க்க

பிரிட்டனின் ஹாமர் நிறுவனம் எடுத்த ‘டிராகுலா’வை லயன்ஸ்கேட் 2013-ல் மூன்று வட்டுகளாக வெளியிட்டது: ஒரு ப்ளூ-ரே, இரண்டு டிவிடி. டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீயின் படங்களில் ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம்.

லீயின் தாய் இத்தாலியக் கரண்டினி பிரபு குடும்பத்துப் பெண். கொள்ளுப்பாட்டி மேரி கரண்டினி ஆஸ்திரேலியாவில் பேர்பெற்ற ஓபரா பாடகி. அந்த நிமிர்வும் கனத்த குரலும் லீக்குக் குறைவில்லை. ஆனாலும் 1947-க்குப் பிறகு பத்தாண்டு துண்டு துக்கடா வேடங்கள்தான். ஆறடி ஐந்து அங்குல உயரத்தையும் அந்நியச் சாடையையும் சொல்லியே ஒதுக்கினார்கள். டிராகுலாவில் அந்த உயரமே கைகொடுத்தது. மாடிப்படி உச்சியில் நிழலாக நிற்பவர் இறங்கி வந்ததும் பண்பான பிரபுவாக விருந்தாளியை வரவேற்கிறார். அந்த விருந்தாளி ஹார்க்கரிடம் பேசும் சில வரிகளோடு லீயின் வசனம் சரி. மிச்சப் படம் முழுக்கக் கண்ணாலும் தோளாலும் நடிப்பதுதான்.

ப்ளூ-ரேயில் 2007, 2012 என இரண்டு சீரமைப்புகள் உண்டு. 2012-ஐப் போடுங்கள். பிரிட்டிஷ் தணிக்கையில் போன துண்டுகள் டோக்கியோ திரைப்பட ஆவணக் காப்பகத்தில் கிடைத்த ஜப்பானியப் பிரதியிலிருந்து அதில் சேர்க்கப்பட்டுள்ளன. டிராகுலாவுக்கு இரையாகும் மீனா என்ற பெண்ணின் முகத்தருகே அவர் குனியும் காட்சி ஒன்று. இன்னொன்று வெயிலில் கருகும் முடிவு: முகத்தில் முதலில் சிவப்புப் பூசி, அதன்மேல் மெழுகை மெல்லியதாக அப்பி, லீ விரல்களால் அதை வழித்தெடுக்கிறார், தோல் உரிந்து சதை தெரிவதுபோல் இருக்கும். சில நொடிகள்தான், ஆனால் அது இல்லாமல் முடிவு மொட்டையாக இருக்கிறது. ஜப்பானியப் பிரதியில் எஞ்சிய 6 முதல் 9 வரையிலான சுருள்களும் சீரமைக்காமல் அப்படியே தனியாக உள்ளன. சேர்த்த துண்டுகள் ஏன் கொஞ்சம் மங்கல் என்று அவற்றைப் பார்த்தால் புரிந்துவிடும்.

குறை என்றால் நிறம். நீலம் தூக்கல், பகல் காட்சிகள்கூடக் குளிர்ந்து தெரிகின்றன. டிவியில் வண்ண வெப்பநிலையை ‘வார்ம்’ பக்கம் ஒரு படி நகர்த்தினால் தோல் நிறம் தேறும். பிரைட்னஸை ஏற்றாதீர்கள், கறுப்பு சாம்பலாகி மாளிகைக் காட்சிகள் சப்பென்று ஆகிவிடும். நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள். அது பிலிம் துகளோடு முகத்தின் நுணுக்கத்தையும் அழித்துவிடும்.

டிவிடிகள் பிரிட்டனில் வழங்கிய PAL என்ற டிவி முறையில் உள்ளவை. படம் நொடிக்கு 24 பிரேம், இந்த முறையில் 25. 82 நிமிடப் படம் அதில் 79 நிமிடத்தில் ஓடிவிடும், குரலும் சற்று மெலியும். லீ பேசுவதே கொஞ்சம் என்பதால் ப்ளூ-ரேயில் கேட்பதே நல்லது. ப்ளூ-ரே வட்டுகளை விற்கும் நாடுகளை ஏ, பி, சி என மூன்று பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். இது பி பகுதி வட்டு. ஏ, சி பகுதிகளுக்கு மட்டுமான பிளேயரில் ஓடாது. வாங்குமுன் பிளேயரின் பின்பக்கக் குறியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.